பேசிச் சிரிப்பது ஒன்று, சேர்ந்து சுமப்பது ஒன்று

தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணினால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், தோட்டத்தின் அந்தத் துண்டிலிருந்து சில மாதங்களுக்கு இலை வராது. அதற்காகக் கவாத்து பண்ணாமலும் விட முடியாது. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வெட்டிவிடவில்லை என்றால் செடி உயரமாகப் போய்விடும், கொழுந்து குறைந்துவிடும். ஆகவே நீலகிரியில் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிற எந்தக் குடும்பமும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. எந்தத் துண்டை முதலில் வெட்டுவது, மொத்தத்தையும் ஒரேயடியாக வெட்டிவிடலாமா, வருமானம் நிற்கிற மாதங்களில் ஸ்கூல் பீஸ் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். காதல் கல்யாணம். முக்கால் ஏக்கர் தோட்டம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு இருவரும் பேசுவதைக் கேட்டால் அக்கம்பக்கத்தாருக்கே பொறாமை வரும். ஒரு நாள் காலை கவாத்துக் கத்தியோடு ஆட்கள் வந்து நின்றபோதுதான், முழுத் தோட்டத்தையும் வெட்டப்போகிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. "என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலின்னுதான் சொல்லல" என்றிருக்கிறார் அவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாசத்தோடுதான் மறைத்தார். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மளிகைக் கடையில் கடன் சொன்னது அவள். மகளிர் குழுவில் தவணைக்கு அவகாசம் கேட்டு நின்றதும் அவள்தான். தலைவலி அவளுக்கு வராமல் போகவில்லை, முன்கூட்டியே தெரியாமல் வந்தது, அவ்வளவுதான்.

இவர்களுக்குள் அன்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இல்லாதது வேறொன்று. அது என்ன என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நிறையப் பேர் "நல்லாத்தானே இருந்தோம், எங்கே தப்பாச்சு?" என்று தவிக்கிறார்கள்.

ஒருவரோடு இருப்பது பிடித்திருக்கிறது, அவர் பக்கத்தில் இருந்தால் மனசு லேசாகிறது, சொல்ல ஒரு விஷயம் கிடைத்தால் முதலில் அவரிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. இது தோழமை. ஒரு வீட்டை, ஒரு வருமானத்தை, பிள்ளைகளை, வயதான பெற்றோரை, ஒரு கடனை இரண்டு பேரும் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு, தெரிந்து, பேசி, முடிவெடுத்து, விளைவையும் சேர்ந்தே அனுபவிப்பது கூட்டுப் பொறுப்பு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறவர்களிடம் இன்னும் ஆழமாக இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதுதான் என் கட்சி. இரண்டுக்கும் வேண்டிய திறமைகளே வேறு. ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் இன்னொன்றில் அரிச்சுவடியே தெரியாதவராக இருக்கலாம்.

காதலைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்கள் தோழமையை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். எலைன் ஹாட்ஃபீல்டும் எல்லன் பெர்ஷீடும் வேட்கை மிகுந்த காதல், தோழமைக் காதல் என்று இரண்டாகப் பிரித்தார்கள். ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு என்று மூன்று மூலைகள் கொண்ட முக்கோணமாகக் காதலை விளக்கினார். அவர் கணக்கில் நெருக்கமும் உறுதிப்பாடும் சேர்ந்தால் தோழமைக் காதல். கல்யாணமாகிப் பல வருஷம் ஆன நல்ல தம்பதிகளிடம் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்த உறுதிப்பாடு என்பது "உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்கிற உறுதி. விட்டுப் போகாமல் இருப்பதும் வீட்டுச் சுமையில் பாதியைத் தோளில் ஏற்றிக்கொள்வதும் வேறு வேறு. கோத்தகிரிக்காரர் தன் மனைவியை விட்டுப் போகிற ஆளே கிடையாது.

சுமையைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் சமூகவியலாளர்கள். யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஆரம்பித்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. இந்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் அந்த 97. கையே வைக்காதவர்கள்தான் அதிகம். வீட்டு வேலையில் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர்.

நிமிஷக் கணக்கு மட்டும் போதாது என்று காட்டியது அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு. 35 தம்பதிகளிடம் பேசி, வீட்டுக்குள் நடக்கும் மூளை உழைப்பை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது. அதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று தேடுவது. முடிவெடுப்பது. எடுத்த முடிவு ஒழுங்காக நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. முடிவெடுக்கும் படியில் ஆணும் பெண்ணும் ஓரளவு சமமாக இருந்தார்கள். முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண் தலையில்தான் இருந்தன.

இதை ஊட்டிக் குளிரில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் விறகு காயாது, துணி காயாது, பெரியவளுக்கு இளைப்பு வரும் என்பது மே மாதமே ஒருவர் மனதில் ஓட ஆரம்பித்துவிடும். அப்போதே விறகை உள்ளே அடுக்க வேண்டும், மாத்திரையும் மருந்தும் வாங்கி வைக்க வேண்டும், மழை நாளில் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட ஜீப்காரரிடம் பேச வேண்டும். இன்னொருவர் ஜூன் மாதம் வந்து, "சொல்லு, என்ன செய்யணும்? செய்றேன்" என்பார். மனசார உழைக்கவும் செய்வார். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கிற கணவன் கிடைத்தால் கொடுத்துவைத்தவள் என்று ஊர் சொல்லும். ஆனால் கூப்பிடுகிற வேலை முழுக்க ஒருவருடையதாகவே இருக்கிறது. அவள் மறந்தால் அந்த வீட்டில் யாருக்கும் நினைவு வராது. அந்தத் தனிமை பக்கத்தில் ஆள் இருக்கும்போதே வருகிற தனிமை. தோழமை நன்றாக இருக்கிற வீடுகளில் அதை வெளியே சொல்லவும் முடியாது. "இவ்வளவு பாசமா இருக்கிற மனுஷன்கிட்ட என்ன குறை சொல்றது?" என்று அவளே வாயை மூடிக்கொள்வாள்.

நீலகிரியின் எஸ்டேட் வாழ்க்கை இதில் ஒரு தனிக் கதை. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களில் பலருக்கு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டங்கள்தான் பிற்பாடு டான்டீ என்கிற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. கணவனும் மனைவியும் ஒரே எஸ்டேட்டில் வேலை செய்து, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வாழ்ந்த தலைமுறைகள் அவை. வீடு நிர்வாகத்தினுடையது. வேலை எத்தனை மணிக்கு, எந்த மலையில் என்பதை மேஸ்திரி சொல்லிவிடுவார். 50 பெண் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அப்படிப் பார்த்தால், ஒரு தம்பதி உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய பல விஷயங்களை எஸ்டேட்டே முடிவு செய்துவிட்டது. தோழமை மட்டும் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு அந்த வாழ்க்கை வெளியிலிருந்து கட்டப்பட்டிருந்தது. மனைவி விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டு மலைக்குப் போய், திரும்பி வந்தும் சமைத்தாள் என்பது இதில் அடக்கம். அதை யாரும் ஒரு முடிவாகவே நினைக்கவில்லை.

சோதனை வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வருகிறது. லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் வருகிற கிராஜுட்டி, பிஎஃப் பணத்தில் எங்காவது இரண்டு சென்ட் இடம் வாங்கலாமா, கோயம்புத்தூரில் இருக்கும் மகனிடம் போய்விடலாமா, மகள் கல்யாணக் கடனை அடைக்கலாமா? இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் முதல் முறையாகப் பெரிய பணத்தையும் பெரிய முடிவையும் ஒன்றாகக் கையில் வாங்குகிறார்கள். நல்ல தோழர்களாக இருந்த வயதான தம்பதிகள் அந்த ஒரே வருஷத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாறிவிடவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு முடிவெடுக்கும் பழக்கம் அதுவரை அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை, அதனால் அது வளரவும் இல்லை.

இளைய தலைமுறையின் பிரச்சினை வேறு விதம். குன்னூரிலோ கோவையிலோ படிக்கும்போது பழகுகிறார்கள். பஸ்ஸில் ஒன்றாகப் போகிறார்கள், போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அப்புறம் ஒரே ஊரில் வேலை, வாடகையை மிச்சப்படுத்த ஒரே வீடு, ஒரு டூவீலர் லோன், அப்படியே கல்யாணம். எந்த இடத்திலும் நின்று "நாம் இனி ஒன்றாகச் சுமக்கப் போகிறோமா?" என்று கேட்டுக்கொள்வதில்லை. ஸ்காட் ஸ்டான்லி, கலீனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் என்கிற அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் இதைத்தான் சொன்னார்கள். பல ஜோடிகள் முடிவெடுத்துப் போவதில்லை, வழுக்கிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரிவது கஷ்டமாகிற அளவுக்குப் பிணைப்புகள் கூடிவிடுகின்றன, ஆனால் அந்தப் பிணைப்பை இருவரும் தேர்ந்தெடுத்திருப்பதில்லை.

இந்த இடத்தில் எனக்கு நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் வில் அம்புச் சடங்கு நினைவுக்கு வரும். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் தோடர்களைப் பற்றி 1906-ல் வெளியிட்ட நூலிலேயே இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பெண் கருவுற்று ஏழாவது மாதத்தை ஒட்டி நடப்பது. ஒரு மரத்தின் அடியில் மாடம் போலக் குடைந்து அதில் விளக்கேற்றுவார்கள். புல்லாலும் குச்சியாலும் செய்த சின்ன வில்லையும் அம்பையும் ஆண் அவள் கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால், பிறக்கப்போகும் குழந்தைக்கு ஊரறியத் தகப்பன் அவன். இருவரும் அதற்கு முன்பே கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருப்பார்கள். ஆனால் சேர்ந்து வாழ்வது ஒரு கட்டம், பொறுப்பை ஊர் முன்னால் ஏற்பது இன்னொரு கட்டம், இரண்டாவதற்கென்று தனியாக ஒரு நாளும் சாட்சிகளும் வேண்டும் என்று அந்தச் சமூகம் வைத்திருக்கிறது. அந்தச் சடங்கின் முழு அர்த்தமும் அவர்களுடையது. வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு அந்தத் தெளிவு பெரிதாகப் படுகிறது.

நம் சட்டமும் மெல்ல மெல்ல இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல், திருமணம் போன்ற உறவு என்று சொல்ல என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுத்தது. சமூகத்தின் முன் கணவன் மனைவி போல நடந்துகொண்டிருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளும் தகுதி இருவருக்கும் இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதிகளை ஒன்றாகக் கழித்தால் மட்டும் போதாது என்றும் தீர்ப்பு சொன்னது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. அவள் வீட்டைச் சுமந்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, அதனால் வாங்கிய சொத்தில் அவளுக்கும் பங்கு உண்டு என்றார் நீதிபதி. காதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத தீர்ப்பு. ஆனால் கூட்டுப் பொறுப்பை இவ்வளவு தெளிவாக அங்கீகரித்த இன்னொன்றைச் சட்டென்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, கூட்டுப் பொறுப்புதான் உயர்ந்தது, தோழமை சும்மா இனிப்பு என்று யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். தோழமை போன வீடுகளும் இந்த மலையில் நிறைய இருக்கின்றன. திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை ராத்திரி மேட்டுப்பாளையம் வழியாகக் கடைசி பஸ்ஸில் ஏறி வருகிற கணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் ஒழுங்காக வருகிறது. போனில் எல்லாக் கணக்கும் பேசியாகிறது. சிலிண்டர் புக் பண்ணியாச்சா, அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா, பாக்டரியில் இலைக்குப் பணம் போட்டாங்களா? வாரத்தில் ஒரு வேலையும் தவறுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் அடுத்த வார வேலையைத் தவிரப் பேச எதுவும் இருப்பதில்லை. ஒருவர் "இன்னிக்கு மூடுபனி எவ்வளவு கீழ எறங்கியிருக்கு பாருங்க" என்று சொன்னால் மற்றவர் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

அந்தச் சின்ன அழைப்புகளைத்தான் ஜான் காட்மன் வருஷக்கணக்காக ஆராய்ந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதுமணத் தம்பதிகளை ஆய்வகத்தில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவர் கவனத்தைக் கேட்கும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா இல்லையா என்று எண்ணினார்கள். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்த தம்பதிகள் நூற்றுக்கு 86 முறை திரும்பிப் பார்த்தவர்கள், பிரிந்துபோனவர்கள் 33 முறைதான். அமெரிக்கத் தம்பதிகளின் எண் அது, நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூடுபனியைப் பார்க்கச் சொன்னவளுக்குப் பதில் வராதது எப்படி இருக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

சரி, இரண்டில் எதைப் பின்னால் கற்றுக்கொள்ள முடியும்? கூட்டுப் பொறுப்பைக் கற்றுக்கொள்வது எளிது என்பது நான் பார்த்தவரை. அதில் பெரும்பகுதி பழக்கம். வீட்டு வேலையில் சிலவற்றை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை ஒருவரே எடுத்துக்கொண்டால் போதும், நிறைய மாறும். உதாரணமாக, அம்மாவின் சர்க்கரை மாத்திரை முழுக்க அவர் பொறுப்பு என்றால், எப்போது தீரும் என்று நினைவு வைப்பதும் அவரே, ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற தேதியை எழுதி வைப்பதும் அவரே. மனைவி நினைவுபடுத்தக் கூடாது. முதல் இரண்டு மாதம் தடுமாறும், தடுமாறட்டும். பணத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். இலை போடுகிற தேயிலை பாக்டரியில் உறுப்பினர் எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் இலைப் பணம் போகும். நாள் முழுக்க இலை பறிப்பவள் அந்தத் தொகையை எஸ்எம்எஸ்ஸில்கூடப் பார்ப்பதில்லை என்றால், எவ்வளவு அன்பு இருந்தாலும் அந்தத் தோட்டத்தில் அவள் கூலியாள் மாதிரிதான்.

தோழமையை உண்டாக்குவது கஷ்டம். ஆனால் ஒரு காலத்தில் இருந்து மங்கிப்போனதை மீட்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆர்தர் ஆரன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட சோதனைகளில், வழக்கமில்லாத, கொஞ்சம் உற்சாகமான ஒரு வேலையைச் சில நிமிஷங்கள் சேர்ந்து செய்த தம்பதிகள் தங்கள் உறவைப் பற்றி முன்பைவிட நல்லபடியாகச் சொன்னார்கள். அதற்காக ஊட்டிக்காரர்கள் கொடைக்கானலுக்கு டூர் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பேசுகிற நேரத்தை முதல் ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொண்டு, இருவருக்கும் தெரியாத ஏதாவது ஒன்றைச் சேர்ந்து முயன்று பார்த்தாலே ஆகும்.

கல்யாணத்துக்கு முன்னால் இருப்பவர்கள் என்னிடம் கேட்டால், ஜாதகத்தையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு இவற்றைப் பேசுங்கள் என்பேன். நம்மில் ஒருவருக்கு வேலை போனால் மற்றவர் என்ன செய்வோம்? உன் அப்பா அம்மாவையும் என் அப்பா அம்மாவையும் யார், எங்கே, எந்தப் பணத்தில் பார்ப்பது? யாருக்காவது ஜாமீன் கையெழுத்து போடுவதற்கு முன் கேட்போமா? பட்டா யார் பெயரில்? தமிழ்நாட்டில் 1967-ல் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. தாலி கட்டாமலே, சொந்தபந்தங்கள் முன்னால் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலே கல்யாணம் செல்லும். வாயால் சொல்லி ஏற்றுக்கொள்வதற்கு இவ்வளவு மதிப்பு கொடுத்த ஊரில், எதையெல்லாம் ஏற்கிறோம் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசத் தயங்க வேண்டியதில்லை.

கோத்தகிரித் தம்பதி இப்போது தோட்டத்தை மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அடுத்த கவாத்து ஒரு துண்டில் மட்டும், மகனின் பரீட்சை பீஸ் கட்டி முடித்த பிறகு. தேதியை அவள்தான் குறித்திருக்கிறாள். இன்னும் அவர் கடன் விஷயத்தில் முழுசாக வாய் திறப்பதில்லை, அதற்காக அவ்வப்போது சண்டை நடக்கிறது. உறுப்பினர் எண்ணில் அவள் பெயரையும் சேர்க்க மனு கொடுத்திருக்கிறார்கள்.